பெயரும் நிலமும்: அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் இடப்பெயர்கள் உணர்த்தும் வரலாறு

அவுஸ்திரேலியாவின் தேசப்படத்தை விரித்து வைத்து நோக்கும் மாணவன் அதில் இருவகைப் பெயர்களைக் காண்பான். சிட்னி, மெல்பேண், அடிலெயிட், பிறிஸ்பேன், விக்டோரியா, குயின்ஸ்லாந்து என்பன ஒருவகை. பிரித்தானிய மந்திரிமார், அரசியர், தேசாதிபதிகள் ஆகியோரின் நினைவாக இடப்பட்டவை இவை. இவற்றின் வரலாறு எளிதில் விளங்கும். கன்பரா, பரமட்டா, வாகா வாகா, உலுறு என்பன மற்றொரு வகை. இவை அந்நிலத்திற் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த ஆதிக்குடி மக்களின் நாவிலிருந்து பிறந்த பெயர்கள். "இவற்றின் பொருள் யாது?" என்று மாணவன் வினவுவது இயல்பே. ஆசிரியரும் ஏதேனுமொரு கையேட்டைப் புரட்டி, "கூடுமிடம்", "நீர் மிகுந்த இடம்", "காகங்கள் மிகுந்த இடம்" என்று விடை கூறிவிடுவார். பாடம் முடிந்துவிடும், மணியும் அடித்துவிடும்.

ஆயின் இவ்விடையோடு நாம் அமைந்துவிடுதல் தகாது. ஒரு மக்கட் கூட்டத்தைத் தன் நிலத்திலிருந்து துரத்தியவன், அம்மக்களின் சொற்களை மாத்திரம் எதற்காகத் தன் படத்திற் பேணி வைத்தான்? அச்சொற்களின் பொருள் ஏன் இன்று ஐயத்துக்கிடமாகிக் கிடக்கின்றது? இவ்வினாக்களை எழுப்பாது பொருளை மாத்திரம் தேடுபவன், காணி உறுதியை வாசியாமல் அதிற் குத்தப்பட்ட முத்திரையின் அழகை வியப்பவனையே ஒப்பான்.

1788ஆம் ஆண்டில் பிரித்தானியரின் கைதிக் கப்பல்கள் சிட்னித் துறையை அடைந்த காலத்தில், அக்கண்டத்தில் ஏறத்தாழ 250 மொழிகள் வழங்கின. அம்மக்களிடம் நாம் அறிந்த வகையான ஏட்டெழுத்து இல்லை, வேலியில்லை, எல்லைக்கல் இல்லை. எனினும் நிலம் பெயரற்றுக் கிடக்கவில்லை. நீர்ச்சுனைக்கும், ஆற்றின் வளைவுக்கும், தனித்து நின்ற பாறைக்கும், கிழங்ககழும் மேட்டுக்கும் வெவ்வேறு பெயர் இருந்தன. ஆதி மூதாதையர் நிலத்தின்மீது நடந்துசென்ற வழியில் எங்கே தங்கினர், எங்கே பொருதனர், எங்கே கல்லாய்ச் சமைந்தனர் என்னும் கதைகளில் அப்பெயர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. அவ்வரிசையைப் பாட்டாகப் பாடக் கற்றவன், வறண்ட நாட்டில் ஒரு சுனையிலிருந்து மறு சுனைக்குச் செல்லும் வழியையும் கற்றவனானான். எந்தப் பெயரை எவர் சொல்லலாம், எந்தக் கதையை எவர் காத்தல் வேண்டும் என்பதற்கும் முறை இருந்தது. ஆகவே ஓரிடத்தின் பெயரையும் கதையையும் அறிந்திருத்தல், அவ்விடத்தின்மீதுள்ள உரிமையையும் அதற்குச் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே பெற்றிருத்தலாகும். நமது நாட்டிற் காணி உறுதி செய்யும் வேலையின் பெரும் பகுதியை அங்கு இடப்பெயர் செய்தது எனலாம்.

இப்பெயர்களின் அமைப்பையும் சிறிது நோக்குவோம். அடிலெயிட் நகருக்குத் தெற்கே ஒங்கபரிங்கா என்றோர் ஆறு ஓடுகிறது. இது கௌர்ணா மொழிப் பெயர். அம்மொழியில் 'ஙங்கி' என்பது பெண். 'பரி' என்பது ஆறு. 'ங்க' என்பது இடத்தை உணர்த்தும் விகுதி. 'பெண்ணாற்றின்கண்' என்று நாம் பெயர்த்துக்கொள்ளலாம். மொழிமுதலில் நின்ற ஙகரம் ஆங்கிலேயனின் செவியிற் படியவில்லை. அதனை அவன் எழுத்தில் விட்டுவிட்டான். அண்மையிலுள்ள அல்டிங்கா, நோர்லங்கா, வில்லங்கா என்னும் ஊர்ப்பெயர்களிலும் அதே விகுதி நிற்கின்றது. கண்டத்தின் தென்மேற்கு மூலையில் நூங்கார் மக்களின் நாட்டிலோ கொஜனப், மஞ்சிமப், ஜூண்டலப் என 'அப்' என்று முடியும் ஊர்கள் மலிந்துள்ளன. அங்கு 'அப்' என்பதே இடத்தைக் குறிக்கும் ஒட்டு. கொஜனப் என்னும் பெயரின் முற்பகுதி கற்கோடரியைக் குறிக்கும் சொல் என்பர். ஏழாம் வேற்றுமையின் 'கண்' உருபைப் படித்த தமிழ் மாணவனுக்கு இவ்வமைப்பை விளங்கிக்கொள்வது கடினமன்று.

விளங்கிக்கொள்வது எளிது என்பதனால் உறவு கொண்டாடிவிடலாகாது. 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் மூவிடப் பெயர்கள் சிலவற்றுக்கும் அவுஸ்திரேலிய மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் ஒப்புமை உண்டெனக் கால்டுவெல் சுட்டினார். அதனைப் பற்றிக்கொண்டு தமிழினம் அக்கண்டம்வரை பரந்திருந்தது என்று பெருமை பேசியோர் நம்மிடையே உளர். இன்றைய மொழியியலாளர் அவ்வொப்புமையை இனவுறவுக்குச் சான்றாகக் கொள்வதில்லை. அம்மக்களின் துயரை உணர்வதற்கு அவர்கள் நமக்குத் தாயாதியராய் இருக்கவேண்டும் என்பதுமில்லை.

எல்லாப் பெயர்க்கும் பொருள் காண முனைவதும் தவறே. பாலைவனத்தின் நடுவே எழுந்து நிற்கும் பெருஞ் செம்பாறையை 1873இல் கண்ட நில அளவையாளர் கொஸ் என்பார், தென் அவுஸ்திரேலியாவின் முதன்மைச் செயலாளர் ஹென்றி எயர்சின் பெயரை அதற்குச் சூட்டினார். அதன் உண்மைப் பெயரான 'உலுறு' என்பதைப் பகுத்துப் பொருள் காண முயன்றோர் பலர். அங்கு வாழும் அனங்கு மக்களுக்கோ அது ஓரிடத்தின் பெயர், அவ்வளவே. அதற்கு அண்மையிலுள்ள குன்றுக் கூட்டத்தின் பெயரான 'கட்டா ஜூட்டா' என்பதற்குப் 'பல தலைகள்' என்னும் பொருள் தெளிவாக உண்டு. ஐரோப்பியர் அதற்கு வூர்ட்டெம்பேர்க் நாட்டு அரசி ஒருத்தியின் பெயரை இட்டு ஒல்கா மலை என்றனர். அப்பாறைகளைக் கண்ணாலும் கண்டிராத அரசியின் பெயர் படத்தில் ஏறிற்று. அவற்றின் நிழலில் வாழ்ந்தோர் இட்ட பெயர் மறைக்கப்பட்டது.

இனி, இப்பெயர்கள் எவ்வாறு வெள்ளையரின் கைக்கு வந்தன என்று பார்ப்போம். சிட்னிக் குடியேற்றத்தின் தொடக்கத்தில் வில்லியம் டோஸ் என்னும் இளம் படையதிகாரி, வானியல் ஆய்வுக்கென வந்து துறைமுகத்தருகே ஒரு குடிலில் தங்கியிருந்தார். 1790, 1791ஆம் ஆண்டுகளில் அவர் அம்மக்களின் மொழியைப் பயின்றார். அவருக்கு மொழி கற்பித்தவர்களுட் சிறந்தவள் பட்டியகரங் என்னும் இளம் பெண். சொற்களை மட்டுமன்றி இருவரும் உரையாடிய வாக்கியங்களையும் அவர் குறித்து வைத்தார். 1790 டிசம்பரில், வேட்டைக்காரன் ஒருவன் ஈட்டியால் தாக்குண்டமைக்குப் பழிவாங்கும் படையொன்றிற் செல்லுமாறு தேசாதிபதி பிலிப் அவருக்குக் கட்டளையிட்டார். டோஸ் முதலில் மறுத்தார். பின்பு இணங்கிச் சென்றார். சென்றமைக்காக வருந்துவதாகப் பின்னர் வெளிப்படையாகவே கூறினார். குடியேற்றத்திற் தங்க விரும்பிய அவர் 1791 இறுதியில் கப்பலேற நேர்ந்தது. அவருடைய குறிப்பேடுகள் 1972இல் லண்டனிற் கண்டெடுக்கப்படும் வரையில் எவர் கவனத்தையும் பெறாது கிடந்தன. மொழியைக் கற்றவனுக்குத் துப்பாக்கி தூக்கக் கை கூசிற்று. கை கூசியவனுக்குக் குடியேற்றத்தில் இடமில்லாது போயிற்று.

அதே ஆண்டில் நிகழ்ந்த வேறொன்றையும் ஈண்டு நினைத்தல் தகும். சிட்னிக்கு மேற்கே, உள்நாட்டில் அமைக்கப்பட்ட இரண்டாவது குடியிருப்புக்கு ரோஸ் ஹில் என்று முதலிற் பெயரிட்டிருந்தனர். 1791 ஜூன் மாதத்தில் பிலிப் அதனைப் பரமட்டா என மாற்றினார். அது விலாங்கு மீனோடு தொடர்புடைய பெயர் என்பர். அங்கு வாழ்ந்த குலத்தவர் புரமட்டகல் எனப்பட்டனர். 'கல்' என்பது மக்களைக் குறிக்கும் விகுதி. இடத்தின் பெயரே மக்களின் பெயருமாயிற்று. ஆனால், இரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1789இல், பெரியம்மை நோய் சிட்னியைச் சூழ்ந்த ஆதிக்குடிகளுட் பாதிப்பேரைக் கொன்றுவிட்டதெனப் பிலிப்பே மதிப்பிட்டிருந்தார். விலாங்கு பிடித்தோர் ஆற்றங்கரையை இழந்துகொண்டிருந்த வேளையில், அக்கரையின் பெயர் அரசாங்க ஏட்டில் முறைப்படி பதிவாயிற்று.

தவறிப் பதிவான பெயர்களும் உள. மெல்பேண் நகரூடாக ஓடும் ஆற்றை உலகம் யாரா என்றறியும். 1835இல் அங்கு வந்த நில அளவையாளர் வெட்ஜ் என்பார், கற்களில் மோதி விழும் நீரைக் காட்டிப் பெயர் கேட்டபோது, உடனிருந்த ஆதிக்குடியினர் 'யாரா யாரா' என்றனர். அவர்கள் நீர் பாய்ந்து வீழ்வதைச் சொன்னார்கள். அவர் ஆற்றின் பெயரெனக் குறித்துக்கொண்டார். தம் பிழையைப் பின்னர் அவரே உணர்ந்தாராயினும் பெயர் நிலைத்துவிட்டது. அம்மக்கள் ஆற்றை அழைத்த பெயர் பிரராங்.

அதே 1835ஆம் ஆண்டில், அதே இடத்தில், பட்மன் என்னும் காணி வேட்டைக்காரன் போர்வை, கத்தி, கோடரி, கண்ணாடி, மா முதலியவற்றைக் கொடுத்து, ஏறத்தாழ ஆறு இலட்சம் ஏக்கர் நிலத்தைக் குலத்தலைவர்களிடமிருந்து வாங்கிவிட்டதாக ஓர் உடன்படிக்கை வரைந்தான். தேசாதிபதி பேர்க் அதனைச் செல்லாததென அறிவித்தார். பட்மனின் வஞ்சகம் கண்டு அவர் வெகுண்டார் என எண்ணவேண்டாம். நிலம் முழுவதும் ஏற்கெனவே முடிக்குரியது. அதனை விற்க அங்கு வாழ்ந்தோர்க்கு உரிமை இல்லை என்பதே அவ்வறிவித்தலின் அடிப்படை. ஆற்றின் பெயரைக் கேட்கும்போது அவர்கள் அறிந்தவர்கள்; நிலத்தின் உரிமை பற்றிய பேச்சு எழும்போது அவர்கள் இல்லாதவர்கள்!

இம்முரண்பாட்டின் உச்சத்தைத் தோமஸ் மிச்செல் என்பவரிடம் காணலாம். 1828இல் நியூ சவுத் வேல்ஸின் நில அளவையாளர் நாயகமாகப் பதவியேற்ற இவர், இயன்றவரை ஆதிக்குடிகளின் இடப்பெயர்களையே படத்திற் குறிக்குமாறு தமது உத்தியோகத்தர்களைப் பணித்தார். இன்று அக்கண்டத்தின் தென்கிழக்கில் இத்துணைப் பழம்பெயர்கள் எஞ்சியிருப்பதற்கு அவர் பணிப்பும் ஒரு காரணம். அதற்கு அவர் காட்டிய நியாயம் கவனிக்கத்தக்கது. அண்டை அயலில் ஆதிக்குடியினர் எவரேனும் எஞ்சியிருக்கும்வரை, பின்னர் வரும் பிரயாணி அப்பெயரைச் சொல்லி இடத்தைக் கேட்டறியலாம் என்பதே அது. அவர்கள் எஞ்சாதொழியும் காலம் வரும் என்பது அந்நியாயத்துள்ளேயே அடங்கியிருக்கின்றது.

1836 மே 27ஆந் தேதி, மறே ஆற்றங்கரையில், தம்மைப் பின்தொடர்ந்து வந்த ஆதிக்குடிக் கூட்டமொன்றின்மீது மிச்செலின் ஆட்கள் மறைந்திருந்து சுட்டனர். நீந்தித் தப்பியோரும் சுடப்பட்டனர். எழுவராயினும் மாண்டனர். அருகிலிருந்த குன்றுக்கு மிச்செல் இட்ட பெயர் மவுன்ட் டிஸ்பேர்ஷன். அதாவது 'கலைத்தோட்டிய குன்று'. சுட்டுக் கொன்றதைக் 'கலைத்தல்' என்னும் சொல்லால் மூடும் வழக்கம் அதன் பின்னர் நெடுங்காலம் நீடித்தது. குயின்ஸ்லாந்தின் பொலிஸ் அறிக்கைகளில் அது வாடிக்கைச் சொல்லாகவே ஆயிற்று. பழம்பெயரைப் பேணிய கையும் இப்பெயரை எழுதிய கையும் ஒன்றே.

மிச்செல் என்னும் தனிமனிதனின் குணவிசேடமாக இதனைக் கொள்ளலாகாது. இங்கிலாந்தின் நெசவாலைகள் கம்பளி கேட்டன. கம்பளிக்கு ஆடு வேண்டும். ஆட்டுக்குப் புல்லும் நீரும் வேண்டும். புல்லும் நீரும் எங்குள்ளன என்பதை அறிந்தவர்கள் ஆதிக்குடிகளே. ஆகவே அவர்தம் பெயர்கள் மேய்ச்சல் நிலத்தைத் தேடிச் சென்ற முதலாளிக்கு வழிகாட்டிக் கம்பங்களாயின. நிலம் கைக்கு வந்ததும், பெயரிட்டோர் தடையாயினர். அவர்கள் போயினர்; கம்பங்கள் நின்றன.

தலைநகரின் பெயரும் இவ்வாறு வந்ததே. 1820களில் மூர் என்பவன் கைப்பற்றிய மேய்ச்சல் நிலம், அங்கு வாழ்ந்தோரின் சொல்லையொட்டிக் கன்பெரி எனப்பட்டது. கூட்டாட்சியின் தலைநகருக்குப் பெயர் தேடியபோது, ஷேக்ஸ்பியரின் பெயரையும், கோதுமை, கம்பளி, பொன் என்னும் மூன்றன் ஆங்கிலச் சொற்களை ஒட்டிய பெயரையும்கூடச் சிலர் முன்மொழிந்தனர். பிந்திய பெயரே உண்மைக்கு அண்மையானது என்பதில் ஐயமில்லை! இறுதியில் 1913 மார்ச் 12ஆந் தேதி, மகாதேசாதிபதியின் மனைவி டென்மன் சீமாட்டி 'கன்பரா' என்று அறிவித்தார். அதற்குக் 'கூடுமிடம்' என்று பொருள் கூறுவது இன்று பெருவழக்கு. இரு மலைகளுக்கு இடைப்பட்ட அவ்விடத்தைப் பெண்ணின் மார்போடு ஒப்பிட்ட பெயர் என்பாரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் 'கூடுமிடத்தில்' 1927 மே 9ஆந் தேதி பாராளுமன்றக் கட்டடத்தைத் திறக்க யோர்க் கோமகன் வந்திருந்தார். ஜிம்மி கிளெமென்ட்ஸ் என்னும் விராஜூரி இன முதியவர் மலைநாட்டைக் கடந்து நடந்தே அங்கு வந்து சேர்ந்தார். வெறுங்காலும் பழைய உடையுமாய் நின்ற அவரை அப்பால் போகுமாறு பொலிசார் கூறினர். கூடியிருந்த பொதுமக்கள் அவர் பக்கம் நின்று குரலெழுப்பவே அவர் தங்கினார். தமது நாட்டின் பெயரைத் தாங்கிய நகரங்கள் மலிந்த தேசத்தில், அதன் பாராளுமன்ற வாயிலில் நிற்பதற்கு அம்முதியவர்க்குப் பிறர் தயவு வேண்டியிருந்தது.

பேசுவோரைத் துரத்திய பின் பேச்சின் பொருளை எவரிடம் கேட்பது? பெயர்ப் பொருள் கூறும் கையேடுகளின் குறை இங்கேதான் தோன்றுகிறது. எந்த மொழிச் சொல், எந்த ஊரவர் சொன்னது என்ற குறிப்பேதுமின்றி அவை பொருளை வரிசைப்படுத்துகின்றன. வாகா வாகா நகரம் இதற்குத் தக்க சான்று. விராஜூரி மொழியில் அடுக்குத்தொடர் பன்மையையும் மிகுதியையும் உணர்த்தும். 'காகம் மிகுந்த இடம்' என்றே தலைமுறை தலைமுறையாகப் பாடசாலைகளிற் கற்பித்தனர். காகத்துக்கு விராஜூரிச் சொல் வேறு. இது ஆடலைக் குறிக்கும் சொல்லென அம்மொழியறிந்த முதியோர் எடுத்துரைத்தனர். 2019இல் அந்நகர சபை காகத்தைக் கைவிட்டு, 'ஆடலும் கொண்டாட்டமும் மிகுந்த இடம்' என்னும் பொருளை ஏற்றுக்கொண்டது. ஊரைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் ஆடினார்கள், மகிழ்ந்தார்கள் என்னும் உண்மை காகக் கூட்டத்துள் மறைந்து கிடந்தது. மறுபுறத்தில், ஒலியை மாத்திரம் கேட்டு நல்லாபோர்ச் சமவெளியின் பெயரை ஆதிக்குடிப் பெயரென மயங்குவாரும் உளர். அதுவோ 'மரமில்லை' எனப் பொருள்படும் இலத்தீன் கூட்டு!

பெயர்களின் பொருள் மீண்டும் உயிர்பெற்றது அறிஞர் மேசையில் மாத்திரமன்று. 1966 ஓகஸ்ற் 23ஆந் தேதி, வட பிராந்தியத்திலுள்ள வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் ஏறத்தாழ இருநூறு குரிஞ்சி மக்கள் வேலையைக் கைவிட்டு வெளியேறினர். பண்ணை, இங்கிலாந்தின் வெஸ்ரி பிரபுவின் கம்பனிக்குரியது. சம சம்பளம் கொடுக்கப்படல் வேண்டும் என்று அவ்வாண்டு தீர்ப்பளித்த நடுவர் மன்றம், அதனை 1968 டிசம்பர்வரை பிற்போட்டிருந்தது. வின்சென்ற் லிங்கியாரியின் தலைமையில் வெளியேறியோரின் போராட்டத்தைக் கூலிப் போராட்டமாகவே வெளியுலகம் முதலிற் கருதிற்று. 1967இல் அவர்கள் வற்றி ஓடை என வெள்ளையர் வழங்கிய இடத்திற் குடியமர்ந்தபோது உண்மை துலங்கிற்று. அவ்விடம் அவர்களுக்குத் தகுறாகு. இழந்த நிலத்தை மீட்கவே அவர்கள் அங்கு வந்தனர். இடதுசாரி எழுத்தாளர் பிராங் ஹார்டியைக் கொண்டு ஒரு பலகையிற் 'குரிஞ்சி' என்னும் தம் இனப்பெயரை எழுதுவித்து நாட்டினர். வெள்ளையனின் எழுத்தை வெள்ளையனுக்கே அறிவித்தலாகத் திருப்பிய நிகழ்ச்சி அது. ஒன்பது ஆண்டுகள் அவர்கள் அசையவில்லை. 1975 ஓகஸ்ற் 16ஆந் தேதி பிரதமர் விற்லம் அந்நிலத்தின் மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையிற் சொரிந்தார்.

அதே காலத்தில் வடகிழக்கு ஆர்ன்ஹெம் நாட்டிலே, அலுமினியக் கனிமத்துக்காக யோல்ங்கு மக்களின் நிலத்தை அரசாங்கம் சுரங்கக் கம்பனிக்கு ஒதுக்கிற்று. 1963இல் அவர்கள் மரப்பட்டையில் ஓவியந்தீட்டி, தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினர். 1968இல், சுரங்க நகருக்குக் கோவ் என்னும் பெயர் வேண்டாம், நுலுன்புய் என்னும் தம் பெயரே வேண்டும் என மீண்டும் பட்டை மனு விடுத்தனர். பெயர் கிடைத்தது. 1971இல் நீதிமன்றம், அவர்களுக்கென ஒழுங்கான சட்டமுறை உண்டென ஏற்றும், அதனை நிலவுடைமையாக ஏற்க மறுத்தது. நிலம் கிடைக்கவில்லை, சுரங்கம் நடந்தது. பெயரைக் கொடுப்பது மலிவு. நிலத்தைக் கொடுப்பதே அரிது என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டுமோ?

எனினும் போராட்டம் வீண்போகவில்லை. 1976ஆம் ஆண்டின் வட பிராந்திய நிலவுரிமைச் சட்டத்தின் கீழ், குறித்த புனித இடங்களோடு தமக்குள்ள தொடர்பையும் பொறுப்பையும் நிறுவுவோர் காணி கோரலாம் என்றாயிற்று. முதியோரும் முதுபெண்டிரும் விசாரணையாளர் முன்னிலையில் சுனை சுனையாக, குன்று குன்றாகப் பெயர் சொல்லினர். ஒருகாலத்தில் மேய்ச்சற்காரனுக்கு வழிகாட்டிய பெயர்கள், அவனுக்கெதிராகச் சாட்சி கூற எழுந்தன. 1985இல் உலுறு அனங்கு மக்களின் கைக்கு மீண்டது. 1993இல் எயர்சின் பெயரோடு உலுறுவும் சேர்க்கப்பட்டது. 2002இல் உலுறு முன்னேயும் எயர்ஸ் பின்னேயுமாக வரிசை மாறிற்று. குடியேறியோரால் ஆளற்ற நிலம் எனக் கொள்ளப்பட்ட பொய்க் கோட்பாட்டை 1992இல் உயர் நீதிமன்றம் மேபோ வழக்கில் நிராகரித்தது. பிரராங் என்னும் பெயர் 2017இல் விக்டோரியா மாநிலச் சட்டமொன்றின் தலைப்பிலேயே ஏறிற்று. கௌர்ணா மொழியைச் சரளமாகப் பேசிய இறுதி மூதாட்டி 1929இல் மறைந்தார். ஆயினும், 1840இல் இரு ஜெர்மன் பாதிரிமார் அச்சிட்ட இலக்கணத்தையும் சொற்றொகுதியையும் துணைக்கொண்டு அவர்தம் வழிவந்தோர் அம்மொழியை மீளக் கற்றுவருகின்றனர். 2023 ஜூன் மாதத்தில் பிரேசர் தீவு, புச்சுலா மக்களின் கறி என்னும் பெயரை மீண்டும் பெற்றது.

அதே 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் தேதி, பாராளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் ஆதிக்குடிகளின் குரலொன்றை அரசியலமைப்பில் இடம்பெறச் செய்யும் யோசனையை, வாக்களித்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபதின்மர் நிராகரித்தனர். அம்மக்களின் பெயரால் தீவை அழைக்க இசைந்த நாடு, அம்மக்களைச் சபையில் பேச அழைக்க இசையவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் கண்டுவரும் அதே கதையின் தொடர்ச்சியே இது.

மீண்டும் அந்தத் தேசப்படத்துக்கு வருவோம். "கன்பரா என்றால் என்ன பொருள்?" என்று மாணவன் கேட்பானாயின், ஆசிரியர் விடையை மறைக்கவேண்டியதில்லை, அறிஞர் கூறும் பொருளையும் ஐயத்தையும் கூறலாம். அதன்பின், அப்பெயரை இட்டவர் எவர், அதை எழுதிக்கொண்டவர் எவர், எழுதியபின் நிலம் எவருடையதாயிற்று, இட்டவரின் மக்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என்னும் நான்கு வினாக்களையும் மாணவன்முன் வைத்தல் வேண்டும். இடப்பெயராய்வு அப்போதுதான் வரலாறாகும். மணி அடித்தாலும் அடிக்கட்டும். அந்தப் பாடம் அடுத்த நாளும் தொடரலாம்.